கர்னல் மாட்யூலை இறக்கும்போது வரும் ரேஸ்: கணக்கு வைப்பதா, காத்திருப்பதா, இறக்காமலே விடுவதா?

போர்டு விழுந்ததும் சீரியல் கன்சோலில் கொட்டும் ஊப்ஸ் செய்தியை (கர்னல் தன் பிழையைச் சொல்லும் அறிக்கை) பொறுமையாகப் படித்தால், ஏற்றியிருக்கும் மாட்யூல்களின் (ஓடும் கர்னலோடு சேர்த்துக்கொள்ளும், வேண்டாதபோது எடுத்துவிடும் கோடு துண்டுகள்) பட்டியலுக்குப் பின்னால் 'லாஸ்ட் அன்லோடட்' என்று ஒரு பெயர் இருக்கும். அது உங்கள் டிரைவரின் பெயர்தான், புரோகிராம் கவுண்டரோ எந்த மாட்யூலுக்கும் சொந்தமில்லாத முகவரியில் நிற்கிறது என்றால் கதை பெரும்பாலும் புரிந்துவிடும். மாட்யூலை இறக்கிவிட்டீர்கள், யாரோ இன்னும் அதன் கோடுக்குள் இருந்திருக்கிறார்கள், அல்லது இறக்கிய பிறகு வந்து நுழைந்திருக்கிறார்கள். இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் இப்படிப்பட்ட பிழைதான் ரேஸ்.

டெல்டாவில் வாய்க்கால் தலைப்புகளில் நீர்மட்டம் அளக்கும் சின்ன லினக்ஸ் போர்டுகளுக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் இதை மூன்று விதமாகக் கேட்கிறார்கள். "ஓனர் போட்டாச்சே, அப்புறம் ஏன் விழுது?" என்பது ஒன்று (ஓனர், கோப்பு திறந்திருக்கும்வரை மாட்யூலை இறங்கவிடாத குறிப்பு). "சிங்க்ரனைஸ்_ஆர்சியு போட்டால் போதுமா?" என்பது இன்னொன்று (உள்ளே இருக்கும் வாசகர்கள் வெளியேறக் காத்திருக்கும் ஃபங்ஷன் அது). மூன்றாவது, கொஞ்சம் தயங்கிக் கேட்பது: "பேசாம இறக்கவே வேண்டாம், ரீபூட் பண்ணிக்கலாம்னு விட்டுடலாமா சார்?" தயங்க ஒன்றுமில்லை. அதுவும் ஒரு முறையான வழிதான்; சில இடங்களில் மற்ற எல்லாவற்றையும்விட நல்ல வழி.

பேச்சுக்கு ஒரு டிரைவரை வைத்துக்கொள்வோம். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் தலைப்பு மதகில் போர்டு இருக்கிறது. ஐ2சி பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் இரு கம்பி இணைப்பு) நீர்மட்ட சென்சார். கால் மணிக்கு ஒருமுறை டைமர் எழுந்து வொர்க்கியூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) ஒரு வேலையைப் போடும். அந்த வேலை ஐ2சி வழியே மட்டத்தைப் படிக்கும். மட்டம் எல்லை தாண்டினால் ஜிபிஐஓ இன்டரப்ட் (சிப்பின் ஒரு காலில் வரும் சிக்னல் சிபியுவை இடைமறிப்பது) வரும். ஒரு கேரக்டர் டிவைஸ் (டிரைவரைக் கோப்புபோலத் திறந்து படிக்க வைக்கும் வாசல்), அதைத் திறந்து வைத்தபடி பின்னணியில் உட்கார்ந்திருக்கும் ஒரு டீமன் ப்ராசஸ். அளவைத் திருத்த சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் டிவைஸ்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ஒரு கோப்பு. ஆக ஐந்து பக்கமிருந்து இந்த மாட்யூலின் கோடுக்குள் ஆள் வரலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

மேட்டூரில் ஷட்டரை இறக்கினாலும் மூன்று நாள்போலக் கல்லணைக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். வாய்க்காலுக்குள் இறங்கித் தூர்வார, அடைத்தாகிவிட்டது என்ற தகவல் போதாது. வடிந்துவிட்டது என்ற தகவல் வேண்டும். மாட்யூலிலும் அதே மூன்று படிகள்: புதிதாக வருவதை நிறுத்த வேண்டும், உள்ளே இருப்பது வெளியேறக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நினைவகத்தை எடுக்க வேண்டும். கீழே வரும் வழிகள் எல்லாமே இதைத்தான் செய்கின்றன. இரண்டாம் படியை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த இரண்டாம் படியை எடைபோட நான்கு கேள்விகள் போதும்.

உங்களைக் கூப்பிடுவது யார்? கோப்பைத் திறந்த ஒரு ப்ராசஸா, இன்டரப்ட்டா, டைமரா, நீங்களே கிளப்பிவிட்ட கர்னல் த்ரெட்டா? ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

காக்க வேண்டியது கோடா, டேட்டாவா? மாட்யூலின் கோடு நினைவகத்தில் இருப்பது ஒரு விஷயம். ஒவ்வொரு சென்சாருக்கும் நீங்கள் ஒதுக்கிய ஸ்ட்ரக்சர் உயிரோடு இருப்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைகளே அதிகம் என்பது என் எண்ணம்.

பிழை செய்தால் எப்படித் தெரியும்? இறக்க முடியாமல் போகலாம், மாட்யூலை இறக்கும் ஆர்எம்மாட் கட்டளை தொங்கிப் போகலாம், அல்லது கர்னலே விழலாம். மூன்றும் ஒரே விலை இல்லை.

கடைசியாக, போர்டு எங்கே இருக்கிறது? மேசையில் இருந்தால் பவரைப் பிடுங்கிச் செருகலாம். வேதாரண்யம் பக்கம் கடைமடை மதகில் இருந்தால் யாராவது பைக் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

## வழி 1: ரெஃபரன்ஸ் கவுண்ட்

பெரும்பாலோர் முதலில் கற்பது இதுதான். மாட்யூலுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. உபயோகிக்கிறவர் ட்ரை_மாட்யூல்_கெட் மூலம் அதை ஏற்றுவார். முடிந்ததும் மாட்யூல்_புட் மூலம் இறக்குவார். எண்ணிக்கை பாக்கி இருக்கும்வரை ஆர்எம்மாட், மாட்யூல் உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிடும். இறக்கும் வேலை தொடங்கிவிட்டால் ட்ரை_மாட்யூல்_கெட் தோற்கும். ஆக இரண்டும் ஒரே நேரத்தில் ஜெயிக்க முடியாது. இதுவரை அழகு.

கூர்ந்து பார்க்க வேண்டிய இடம், அந்தக் கெட் எங்கே நடக்கிறது என்பது. பழைய டிரைவர்களில், திறக்கும் ஃபங்ஷனின் முதல் வரியாக மோட்_இன்க்_யூஸ்_கவுண்ட் என்று ஒரு மேக்ரோ இருக்கும். டிரைவர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. கர்னல் உங்கள் ஃபங்ஷனின் முகவரியை எடுத்துவிட்டது, ஆனால் அந்த முதல் வரி இன்னும் ஓடவில்லை. இந்த இடைவெளியில் இன்னொரு சிபியுவில் மாட்யூல் போய்விட்டால்? தன்னைக் காக்கும் வரியே காலியான நினைவகத்தில் இருக்கும். ரஸ்டி ரஸ்ஸல் 2002-ல் 2.5 தொடரில் மாட்யூல் லோடரைத் திருப்பி எழுதியபோது அந்தப் பழக்கத்துக்கு முடிவு வந்தது. எண்ணிக்கையை ஏற்றுவது கூப்பிடுகிறவரின் பொறுப்பு ஆனது.

ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்சரில் ஓனர் என்ற இடத்தில் திஸ்_மாட்யூல் என்று போடுவது இதற்காகத்தான். கோப்பைத் திறக்கும்போது விஎஃப்எஸ் (கோப்பு அழைப்புகளைக் கையாளும் கர்னல் பகுதி), உங்கள் கோடுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, எண்ணிக்கையை ஏற்றிவிடும். மூடும்போது உங்கள் ரிலீஸ் ஃபங்ஷன் முடிந்து திரும்பிய பிறகுதான் இறக்கும். நுழைவு, வெளியேற்றம் இரண்டுக்கும் காவல் வெளியில் நிற்கிறது. கேரக்டர் டிவைஸைப் பொறுத்தவரை இதற்கு மேல் கோடுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு, இதை மற்ற இடங்களுக்கும் இழுக்கும்போது வருகிறது. டைமர் ஓடுகிறதே, அதற்கும் ஒரு கெட் போட்டுவிடலாம் என்று சிலர் செய்வார்கள். டைமர் நிற்காமல் ஓடுகிற வரை எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது. டைமரை நிறுத்தும் கோடோ, மாட்யூலை இறக்கும்போது ஓடும் எக்ஸிட் ஃபங்ஷனில் இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால்தான் எக்ஸிட் ஓடும். முடிச்சு விழுந்தாயிற்று, ரீபூட் ஒன்றுதான் கதி.

வொர்க்கியூ வேலையின் கடைசி வரியாக மாட்யூல்_புட் போடுவது அதைவிட மோசம். அந்த வரிக்குப் பிறகும் ஃபங்ஷன் திரும்ப வேண்டிய நாலைந்து இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் உங்கள் மாட்யூலுக்குள்தான் இருக்கின்றன. நாலைந்துதானே என்று விட முடியாது. அந்த இடத்தில் ஷெட்யூலர் வேறு வேலைக்குப் போய்விட்டால் இடைவெளி எவ்வளவு நீளும் என்று யாருக்குத் தெரியும்? கர்னல் த்ரெட்டுக்கு மட்டும் இதற்கென்றே மாட்யூல்_புட்_அண்ட்_கேத்ரெட்_எக்ஸிட் இருக்கிறது. புட் செய்வதும் த்ரெட்டை முடிப்பதும் கர்னலின் சொந்தக் கோடுக்குள் நடக்கும். உங்கள் கோடுக்குத் திரும்பி வரவே வராது.

புட் ஒன்றை மறந்துவிட்டால் விளைவு சாது: மாட்யூல் இறங்க மறுக்கும், மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட்டில் எண் நிற்கும், நீங்கள் தேடிப் பிடிப்பீர்கள். கூடுதலாக ஒரு புட் போட்டால் கர்னலே விழலாம். ஆகவே சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெளிவு.

## வழி 2: நிறுத்திவிட்டுக் காத்திருப்பது

இன்டரப்ட், டைமர், வொர்க், த்ரெட் எல்லாம் இந்த வகை. இவை உங்களைக் கூப்பிடும் முன் யாரும் எண்ணிக்கை ஏற்றுவதில்லை. எக்ஸிட் ஃபங்ஷனில் நீங்கள்தான் ஒவ்வொன்றையும் நிறுத்தி, முடிந்துவிட்டது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நல்ல வேளையாக, பெரும்பாலான நிறுத்தும் ஃபங்ஷன்கள் காத்திருப்பையும் சேர்த்தே செய்கின்றன. ஃப்ரீ_ஐஆர்க்யூ, வேறு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை திரும்பாது. கேன்சல்_வொர்க்_சிங்க் அந்த வேலை முடியும்வரை நிற்கும். கேத்ரெட்_ஸ்டாப் த்ரெட் வெளியேறும்வரை நிற்கும். ப்ராக் கோப்பு வைத்திருந்தால், ரிமூவ்_ப்ராக்_என்ட்ரி உள்ளே இருக்கும் வாசிப்புகள் முடியக் காத்திருக்கும். சிஸ்எஃப்எஸ் கோப்பை நீக்குவதும் அப்படியே.

பெயரில் சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டைமர்_டிலீட் வரிசையில் நிற்கும் டைமரை எடுத்துவிடும். ஏற்கெனவே இன்னொரு சிபியுவில் ஓடத் தொடங்கிவிட்ட டைமர் ஃபங்ஷனைப் பற்றிக் கவலைப்படாது. காத்திருப்பது டைமர்_டிலீட்_சிங்க்தான்.

இந்த வழியின் முழு வலியும் வரிசையில் இருக்கிறது. நம் டிரைவரில் டைமர் வேலையைக் கிளப்புகிறது. வேலையை முதலில் ரத்து செய்து டைமரைப் பிறகு நிறுத்தினால், இரண்டுக்கும் நடுவில் டைமர் எழுந்து இன்னொரு வேலையைப் போட்டுவிடும். ஆகவே டைமர் முதலில், வேலை பிறகு. சரி, வேலையும் தன் முடிவில் டைமரை மறுபடி முடுக்கிவிடுகிறது என்றால்? எந்த வரிசையும் சரிப்படாது. ஒன்றை நிறுத்தும்போது மற்றது அதை எழுப்பும். 6.2-ல் வந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் இதற்கான மருந்து. அது டைமரை நிறுத்துவதோடு, இனி யார் முடுக்கினாலும் எழாதபடி செய்துவிடும். வேலைக்கு அதே குணமுள்ள டிஸேபிள்_வொர்க்_சிங்க் 6.10-ல் வந்தது. போர்டு விற்பவர் கொடுத்த கர்னல் பழையது, இவை இல்லை என்றால், 'மூடுகிறோம்' என்று ஒரு கொடியை லாக்குக்குள் வைத்து, முடுக்கும் முன் அதைப் பார்க்கும்படி நீங்களே எழுத வேண்டும்.

வரிசையின் பொதுவிதி: வெளியே இருப்பதிலிருந்து உள்ளே. யூசர் தொடக்கூடிய கேரக்டர் டிவைஸ், சிஸ்எஃப்எஸ் முதலில், பிறகு இன்டரப்ட், பிறகு டைமர், பிறகு வேலை, நினைவகம் கடைசி. டெவ்எம் வகை ஃபங்ஷன்களால் (எடுத்ததை டிவைஸ் பிரியும்போது தானே விடுவிப்பவை) இன்டரப்ட்டைப் பதிவு செய்திருந்தால் இங்கே ஒரு குழி. அப்படி எடுத்தவை, டிரைவர் டிவைஸை விட்டுப் பிரியும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். நீங்கள் ரிமூவில் வேலையை ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருக்கும்போது ஓர் இன்டரப்ட் வந்து புது வேலையைப் போட்டுவிட்டுப் போகும். டெவ்எம் வசதியானதுதான், இன்டரப்ட் விஷயத்தில் மட்டும் அந்த வசதியை வேண்டாம் என்று சொல்வேன்.

இன்னொரு செலவு, தொங்கிப் போவது. வேலை எடுக்கும் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டே அந்த வேலையை ரத்து செய்யக் காத்திருந்தால், நீங்கள் அதற்கும் அது உங்களுக்கும் காத்திருக்கும். சிஸ்எஃப்எஸ்ஸிலும் இதேதான்: எக்ஸிட் ஒரு லாக்கைப் பிடித்தபடி கோப்பை நீக்கப் பார்க்கும், கோப்புக்கு எழுத வந்தவர் உள்ளே அதே லாக்குக்காக நிற்பார். இந்த வகைச் சிக்கல் கர்னலோடு வரும் இசட்ராம் டிரைவரிலேயே 2021-ல் பேசப்பட்டது என்றால், நம் வீட்டு டிரைவரில் வராதா? அறிகுறி: ஆர்எம்மாட் டி நிலையில் (எழுப்ப முடியாத தூக்கத்தில்) நிற்கும். ஹங் டாஸ்க் கண்காணிப்பு இயங்கினால், வழக்கமான அமைப்பில் 120 செகண்ட் கழித்து கர்னல் புகார் சொல்லும்.

நெட்வொர்க் டிரைவர்கள் இந்த வழியைத்தான் எடுத்திருக்கின்றன. இன்டர்ஃபேஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் மாட்யூலை இறக்கலாம், எல்எஸ்மாட்டில் எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் இருக்கும். கர்னலின் நெட்வொர்க் பகுதி டிவைஸை விலக்கி, அதைப் பிடித்திருக்கும் எல்லோரும் விடக் காத்திருக்கும். யாராவது விடாவிட்டால், டிவைஸ் விடுபடக் காத்திருக்கிறோம், யூசேஜ் கவுண்ட் 1 என்ற செய்தி பத்து செகண்டுக்கு ஒருமுறை லாகில் வந்துகொண்டே இருக்கும். லினக்ஸ் சர்வர் பார்த்தவர்கள் பலர் அந்த வரியை வாழ்நாளில் ஒருமுறையாவது சபித்திருப்பார்கள்.

## வழி 3: ஆர்சியு

பட்டியல் ஒன்றை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பார்க்க வேண்டும், அல்லது ஒரு ஹூக் (குறித்த இடத்தில் கர்னல் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) செகண்டுக்கு லட்சம் முறை அழைக்கப்படும் என்றால், ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கையை ஏற்றி இறக்குவது கட்டுப்படியாகாது. ஆர்சியுவில் (ரீட்-காப்பி-அப்டேட்) வாசிப்பவர் கிட்டத்தட்ட ஒன்றும் செலவழிப்பதில்லை. நீக்குபவர்தான், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு சிங்க்ரனைஸ்_ஆர்சியு என்று சொல்லி, அப்போது உள்ளே இருந்த வாசகர்கள் எல்லோரும் வெளியேறக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு பொதுவாக மில்லிசெகண்ட் கணக்கில் இருக்கும். மாட்யூலை இறக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை.

இதில் அதிகம் பேர் வழுக்கும் இடம் ஒன்று. கால்_ஆர்சியு மூலம் 'பிறகு இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று சொல்லி வைத்திருந்தால், சிங்க்ரனைஸ்_ஆர்சியு அதற்காகக் காத்திருக்காது. அது வாசகர்களுக்காக மட்டும் காத்திருக்கும். வரிசையில் நிற்கும் கால்பேக்குகள் உங்கள் மாட்யூலின் முகவரியை வைத்துக்கொண்டு அப்படியே இருக்கும். மாட்யூல் போன பிறகு கூப்பிடும். அவை தீரக் காத்திருக்க ஆர்சியு_பேரியர் வேண்டும். அதற்கும் முன், புதிதாகக் கால்_ஆர்சியு போடக்கூடிய எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். ட்ரேஸ்பாயின்டில் (கர்னல் கோடில் உள்ள கண்காணிப்புப் புள்ளி) ப்ரோப் மாட்டியிருந்தால் அதற்கென்றே ட்ரேஸ்பாயின்ட்_சிங்க்ரனைஸ்_அன்ரெஜிஸ்டர் இருக்கிறது.

இரண்டாவது தடை நம் சென்சாருக்கே வரும். சாதாரண ஆர்சியு வாசிப்புக்குள் தூங்கக் கூடாது. ஐ2சி வாசிப்போ தூங்கும். அங்கே, வாசிப்புக்குள் தூங்க விடும் எஸ்ஆர்சியு எடுக்க வேண்டும். வாசிப்பவருக்குச் செலவு கொஞ்சம் கூடும், எக்ஸிட்டில் துடைக்க வேண்டியவையும் கூடும். கால் மணிக்கு ஒருமுறை நடக்கும் வாசிப்புக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லை. ஒரு மியூடெக்ஸ் போதும். ஆர்சியு நல்ல கருவி என்பதற்காக எல்லா இடத்திலும் அதை நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடைப் படிக்க வருகிற அடுத்தவருக்குத்தான் தண்டனை.

## வழி 4: இறக்காமலே விடுவது

எக்ஸிட் ஃபங்ஷனை எழுதாமல் விட்டால் போதும். இனிட் (ஏற்றும்போது ஓடும் ஃபங்ஷன்) இருந்து எக்ஸிட் இல்லாத மாட்யூலை இறக்கச் சொன்னால் கர்னல் மறுக்கும். ப்ராக்கில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பில் அதன் பக்கத்தில் பெர்மனன்ட் என்று இருக்கும். டிரைவரைக் கர்னலோடு சேர்த்தே கட்டிவிடலாம். இன்னும் ஒரு படி மேலே போய், கான்ஃபிக்_மாட்யூல்_அன்லோட் என்பதையே அணைத்துக் கர்னலைக் கட்டினால் எந்த மாட்யூலும் இறங்காது.

ரேஸ் எங்கிருந்து வரும்? வராது. எழுதாத கோடில் பிழை இல்லை.

செலவு, புதுப்பிக்கும்போது. டிரைவரில் ஒரு திருத்தம் வந்தால் ரீபூட் வேண்டும். சர்வரில் அது பெரிய விஷயம். மதகில் இருக்கும் போர்டில்? மறுபடி எழ ஒரு நிமிஷம் ஆகட்டும். ஒரு நிமிஷத்தில் வாய்க்கால் மட்டம் என்ன மாறிவிடப் போகிறது? மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. பெரிய மாற்றங்களை அந்த இடைப்பட்ட வறண்ட மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் அவசரம் என்றால் ராத்திரி ஒரு ரீபூட்.

இது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கர்னலை ஓடும்போதே திருத்தும் லைவ்பேட்ச் வசதியில், ஒவ்வொரு டாஸ்க்கும் பழைய கோடை விட்டு வெளியேறியதை உறுதிசெய்ய 4.12-ல் ஒரு முழு ஏற்பாடே சேர்த்தார்கள். அதில் மாற்றத்தைப் பொறுமையில்லாமல் வற்புறுத்தி முடித்தால், அந்த பேட்ச் மாட்யூலைப் பிறகு இறக்கவே முடியாது. உள்ளே யாரும் இல்லை என்று நிரூபிக்க முடியாத இடத்தில், இறக்காதே என்பதே கர்னலின் சொந்த முடிவு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எக்ஸிட் எழுதாவிட்டாலும் சிஸ்எஃப்எஸ் வழியே அன்பைண்ட் செய்யலாம், அதாவது டிரைவரை டிவைஸிலிருந்து பிரிக்கலாம். அப்போது டிரைவரின் ரிமூவ் ஓடும். அதையும் மூட, டிரைவர் ஸ்ட்ரக்சரில் சப்ரஸ்_பைண்ட்_ஆட்ரஸ் என்பதை ஆன் செய்ய வேண்டும். அதோடு, மேசையில் டிரைவரை எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்த வழி எரிச்சல். நாள் முழுக்க ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டிய வேலை அது.

இதற்கு நேரெதிராக ஆர்எம்மாட்டை வற்புறுத்தும் வழியும் உண்டு. கர்னலில் அதற்கான கான்ஃபிக் இயக்கியிருந்தால் எண்ணிக்கையை மதிக்காமல் இறக்கும், கர்னலில் கறை என்று குறித்தும் வைக்கும். அதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

## எண்ணிக்கை காக்காத இடம்

"ஓனர் போட்டாச்சே" என்று கேட்டவருக்கான பதில் இது. எண்ணிக்கை காப்பது கோடை. டீமன் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது, மாட்யூல் இறங்காது, சரி. இப்போது யாரோ அன்பைண்ட் செய்கிறார்கள், அல்லது யுஎஸ்பியில் மாட்டிய ஐ2சி அடாப்டரைப் பிடுங்குகிறார்கள். மாட்யூல் அப்படியே இருக்கும், ரிமூவ் மட்டும் ஓடும். டெவ்எம்_கேஸாலக் மூலம் ஒதுக்கிய ஸ்ட்ரக்சர் அதோடு போய்விடும். திறந்திருக்கும் கோப்பின் ப்ரைவேட் டேட்டாவில் அந்த ஸ்ட்ரக்சரின் பழைய முகவரி இருக்கிறது. டீமன் அடுத்த ரீட் செய்கிறது, செத்த நினைவகம்.

இதற்கு அந்த ஸ்ட்ரக்சருக்கே ஒரு கேரெஃப், அதாவது சொந்த எண்ணிக்கை, வேண்டும். டெவ்எம் இல்லாமல் ஒதுக்குங்கள். திறக்கும்போது ஏற்றி, மூடும்போது இறக்குங்கள். ரிமூவில் மியூடெக்ஸைப் பிடித்து 'டிவைஸ் போய்விட்டது' என்று குறித்துவிட்டு, ரிமூவின் பங்கை இறக்குங்கள். ரீட் ஃபங்ஷன் அதே மியூடெக்ஸைப் பிடித்து, குறி இருந்தால் டிவைஸ் இல்லை என்ற பிழையைத் திருப்பட்டும். கடைசியாக மூடுபவர் நினைவகத்தை விடுவிப்பார். விடுவிக்கும் ஃபங்ஷன் மாட்யூலுக்குள் இருக்கிறதே, அதற்குள் கோடு போய்விடாதா என்றால் போகாது. மேலே சொன்னபடி ரிலீஸ் முடிந்த பிறகுதான் விஎஃப்எஸ் மாட்யூலின் எண்ணிக்கையை இறக்கும். இரண்டு எண்ணிக்கைகளும் இப்படித்தான் ஒன்றையொன்று தாங்குகின்றன.

இத்தனையும் எழுதச் சலிப்பாக இருந்தால் வேறு ஒன்றும் செய்யலாம்: சொந்தக் கேரக்டர் டிவைஸை விட்டுவிட்டு, சென்சார்களுக்கென்று கர்னலில் இருக்கும் ஐஐஓ பகுதிக்குள் டிரைவரைப் பொருத்துங்கள். டிவைஸ் போன பிறகு வரும் வாசிப்புக்குப் பிழை திருப்பும் வேலையை அது ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. இன்டரப்ட்டே இல்லாத மெதுவான சென்சார் என்றால் கர்னல் மாட்யூலே வேண்டாம். ஐ2சி-டெவ் வழியே யூசர் ஸ்பேஸிலிருந்து படித்துவிடலாம். அங்கே ப்ராசஸ் செத்தால் ப்ராசஸ் மட்டும்தான் சாகும்.

## எந்த இடத்தில் எது

| வழி | யார் காத்திருப்பது | தவறினால் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| ரெஃபரன்ஸ் கவுண்ட் | ஆர்எம்மாட் செய்பவர். மறுப்பு வரும் | பெரும்பாலும் இறங்க மறுக்கும் | கோப்பு, வேறு மாட்யூல் அழைக்கும் ஃபங்ஷன்கள் |
| நிறுத்திக் காத்திருப்பது | எக்ஸிட் ஃபங்ஷன் | தொங்கும். வரிசை தவறினால் விழும் | இன்டரப்ட், டைமர், வேலை, த்ரெட் |
| ஆர்சியு | நீக்குபவர் | அபூர்வமாக, கண்டுபிடிக்கக் கடினமாக விழும் | மிக அதிக முறை ஓடும் ஹூக், பட்டியல் |
| இறக்காமல் விடுவது | யாரும் இல்லை | புதுப்பிக்க ரீபூட் | ஆளில்லாத இடத்துப் போர்டு |

நம் மதகு டிரைவருக்கு நான் சொல்வது: முதல் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயலாதீர்கள், இரண்டும் வேண்டும். கேரக்டர் டிவைஸுக்கு ஓனர், மற்றவற்றுக்கு வரிசையான நிறுத்தம், ஸ்ட்ரக்சருக்குக் கேரெஃப். ஆர்சியு வேண்டாம். இப்படி எழுதி, மேசையில் நன்றாக அடித்துப் பார்த்துவிட்டு, களத்துக்குப் போகும் பில்டில் எக்ஸிட்டை எடுத்துவிடுங்கள். சரியாக எழுதிய எக்ஸிட்டை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மதகில் ஆர்எம்மாட் செய்யும் தேவை யாருக்கும் இல்லை; தவறிப்போய் ஸ்கிரிப்ட் ஒன்று செய்துவிடும் வாய்ப்பு மட்டும் இருக்கிறது. சர்வரில் ஓடும் நெட்வொர்க் ஃபில்டர் எழுதுகிறீர்கள் என்றால் இந்த முடிவு தலைகீழ்: அங்கே ரீபூட் விலை அதிகம், ஆர்சியு கட்டாயம், ஆர்சியு_பேரியரை மறக்கக் கூடாது.

## அடித்துப் பார்ப்பது

கால் மணி டைமரை வைத்துக்கொண்டு ரேஸைத் தேடினால் அடுத்த சம்பாவுக்குக்கூடக் கிடைக்காது. சோதனையில் அதைச் சில மில்லிசெகண்டுக்குக் குறைத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஏற்றும் மாட்ப்ரோப்பும் இறக்கும் ஆர்எம்மாட்டும் சுழலட்டும். இன்னொரு பக்கம் கோப்பைத் திறந்து மூடும் லூப், மூன்றாவதாக சிஸ்எஃப்எஸ்ஸுக்கு எழுதும் லூப், நான்காவதாக அன்பைண்ட், பைண்ட். கர்னலைக் கேசான், லாக்டெப் இரண்டையும் இயக்கிக் கட்டுங்கள். முன்னது செத்த நினைவகத்தைத் தொட்டதும் கத்தும். பின்னது லாக்குகளின் வரிசையை வைத்து, இன்னும் நடக்காத தொங்கலையும் முன்கூட்டியே சொல்லக்கூடும். டீபக்_கேஆப்ஜெக்ட்_ரிலீஸ் என்ற கான்ஃபிக் விடுவிப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, அதிர்ஷ்டத்தில் ஒளிந்திருக்கும் பிழைகளை வெளியே இழுக்கும். டீபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ, பகிர்ந்த இன்டரப்ட்டை விடுவித்த உடனே ஹேண்ட்லரை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கும்.

குறைந்த ராம் உள்ள போர்டில் கேசான் மூச்சுத் திணறும். அதனால் சென்சாரை ஒரு போலி ஐ2சி டிவைஸாக்கி, லேப்டாப்பில் க்யூஎமு என்ற மெய்நிகர் கணினிக்குள் நாலு சிபியு கொடுத்து ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே சிபியு மட்டும் கொடுத்தால் பாதி ரேஸ்கள் தலைகாட்டவே காட்டாது.